கச்சேரியா, ஆராதனையா?

இசை நிருபர்களுக்கான கேள்வி-பதில் பகுதி இது. கிறிஸ்தவ இசைக்குழுக்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பவர்கள், இனி எழுதப் போகிறவர்கள், எழுதி ஓய்ந்து பழைய கேசட்டுகளோடு உட்கார்ந்திருப்பவர்கள் என்று மூன்று தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. கலந்தே பதில் தருகிறோம்.

கே: ஒரு கிறிஸ்தவக் குழுவின் நிகழ்ச்சியைப் பற்றி எழுதப் போயிருந்தேன். "இது கச்சேரி இல்லை, ஆராதனை. இதைப் போய் விமர்சனம் செய்யலாமா?" என்று அமைப்பாளர் வருத்தப்பட்டார். அவர் சொல்வது சரியா?

ப: பாதி சரி. ஜெபத்துக்கு யாரும் மார்க் போட முடியாது. ஆனால் டிக்கெட் விற்று, ஸ்பீக்கர் கட்டி, விளக்குகளைத் தொங்கவிட்டு, வாசலில் டி-ஷர்ட் கடையும் போட்டிருந்தால் அதெல்லாம் எழுதுகிறவரின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. குரல் சுருதியில் நின்றதா, டிரம்ஸ் பாடகரை விழுங்கியதா, பாட்டு வரிசை எந்த இடத்தில் தொய்ந்தது என்று தாராளமாக எழுதுங்கள். "உருகி உருகிப் பாடினார்" என்றோ "எல்லாம் வெறும் நடிப்பு" என்றோ எழுதாதீர்கள். முதலாவது விளம்பர வாசகம், இரண்டாவது வம்பு. இரண்டுக்கும் உங்களிடம் ஆதாரம் கிடையாது.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் உதவுவது நேரக் கணக்கு. குறிப்பேட்டின் இடது ஓரத்தில் கடிகார நேரத்தையும், பக்கத்தில் பாட்டு, சாட்சி (கடவுள் தன் வாழ்வில் செய்ததைச் சொல்வது), ஜெபம், காணிக்கை வேண்டுகோள், பிரசங்கம் என்று ஒரே சொல்லையும் எழுதிக்கொண்டே வாருங்கள். அமெரிக்கச் சுற்றுப்பயணங்களில் ஏழைக் குழந்தைகளுக்கு மாதாமாதம் உதவச் சொல்லிக் கேட்கும் பகுதி ஒன்று நடுவில் வருவது வழக்கம், அதையும் குறியுங்கள். "பேச்சு அதிகம்" என்று எழுதினால் அது உங்கள் அலுப்பு. "115 நிமிடத்தில் 38 நிமிடம் பேச்சு" என்று எழுதினால் அது செய்தி. அதை நிறை என்பதா குறை என்பதா, வாசகர் பார்த்துக்கொள்வார்.

இன்னொன்று. நீங்களே அந்தச் சபையில் பாடுகிறவர் என்றால் அந்த விமர்சனத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். இலவச டிக்கெட் வாங்கியிருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

கே: காஸ்பல், சிசிஎம், வொர்ஷிப், கிறிஸ்தவ ராக் எல்லாம் ஒன்றுதானே? எதைப் போட்டால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள்?

ப: கேட்பார்கள். காஸ்பல் அமெரிக்கக் கறுப்பினச் சபைகளில் வளர்ந்தது. 1930களில் சிகாகோவில் அதற்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் தாமஸ் ஏ. டார்சி. அதற்கு முன்பு 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் புளூஸ் பியானோ வாசித்தவர். அந்த புளூஸ் வாசனை காஸ்பலை விட்டு இன்னும் போகவில்லை. பாடகர் ஒரு வரியை விட்டால் பின்னால் நிற்கும் குழு அதைத் திருப்பிக் கொடுக்கும். போதகர் பேசும்போதுகூட ஹேமண்ட் ஆர்கன் பதில் சொல்லிக்கொண்டே வரும். சதர்ன் காஸ்பல் என்பது வேறு. அது பெரும்பாலும் வெள்ளையரின் நால்வர் குழு மரபு. நான்கு குரல், அடியில் கனத்த பேஸ் குரல்.

கிறிஸ்தவ ராக் 1960களின் கடைசியில் கலிபோர்னியா ஹிப்பி இளைஞர்களிடையே கிளம்பிய இயேசு இயக்கத்தோடு வந்தது. லாரி நார்மன் 1969-ல் வெளியிட்ட தனி ஆல்பத்தைத்தான் அதன் தொடக்கமாகப் பலரும் காட்டுவார்கள். சிசிஎம் என்பது 'கன்டெம்பரரி கிறிஸ்டியன் மியூசிக்' என்பதன் சுருக்கம். அதை ஓர் இசை வகை என்பதைவிட ஒரு சந்தையின் பெயர் என்று எடுத்துக்கொள்வது நல்லது. நாட்டுப்புற கிடார் முதல் ஹெவி மெட்டல் வரை அதே அலமாரியில் விற்றார்கள். வொர்ஷிப், கூடியிருப்பவர்கள் சேர்ந்து பாடுவதற்காகவே எழுதப்படுவது.

சந்தேகம் வந்தால் பாடுகிறவர் யார் என்று பாருங்கள். பாடகரும் குழுவும் மாறி மாறிப் பாடினால் காஸ்பல் பக்கம். மேடை பாட, அரங்கம் கேட்டால் சிசிஎம் பக்கம். அரங்கமே பாடினால் வொர்ஷிப். நூற்றுக்கு நூறு பொருந்தாது. தலைப்பு போடும் நேரத்தில் கைகொடுக்கும்.

தமிழில் 'காஸ்பல் பாடகர்' என்பதைச் 'சுவிசேஷப் பாடகர்' என்று மாற்றிவிடாதீர்கள். நற்செய்திக் கூட்டத்தில் பாடுகிறவர் என்றுதான் வாசகர் நினைப்பார். காஸ்பலைக் காஸ்பலாகவே விட்டுவிடலாம்.

கே: ஸ்ட்ரைப்பர் என்ற மெட்டல் குழுவின் சின்னத்தில் ஏசாயா 53:5 என்று இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பார்த்தேன். அவர்கள் போட்டுக்கொண்ட மஞ்சள்-கறுப்புக் கோட்டு உடைக்கும் அந்த வசனத்துக்கும் ஒரு தொடர்பும் தெரியவில்லையே?

ப: தமிழில் தெரியாதுதான். தமிழ் வசனத்தின் கடைசிப் பகுதி "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று இருக்கிறது. பழைய ஆங்கிலமான கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் அந்தத் 'தழும்புகள்' இருக்கும் இடத்தில் 'ஸ்ட்ரைப்ஸ்' என்ற சொல் நிற்கிறது. சாட்டையடி விழுந்த வரித் தடத்துக்கும், துணியில் ஓடும் கோட்டுக்கும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல்தான். குழுவின் பெயரும் அதை ஒட்டியதே. உடை, டிரம்ஸ், கிடார் எல்லாவற்றிலும் ஓடும் கோட்டுக்கும் வசனத்துக்கும் உள்ள தொடர்பு இதுதான். பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அந்த இடத்தில் 'காயங்கள்' என்று வந்துவிட்டதால் இன்றைய ஆங்கில வாசகருக்கே இந்தச் சிலேடை பிடிபடுவதில்லை.

இந்தத் துறையில் எழுதும்போது இப்படிப்பட்ட கண்ணிகள் நிறைய. பாட்டு வரியில் வேத வசனம் ஒளிந்திருந்தால் எந்த மொழிபெயர்ப்பு என்று முதலில் பாருங்கள். தமிழில் சொல்லும்போது யார் வாயால் சொல்கிறோம் என்பதும் முக்கியம். சீர்திருத்தச் சபையார் கர்த்தர், கிருபை, சுவிசேஷம் என்பார்கள். கத்தோலிக்கர் ஆண்டவர், அருள், நற்செய்தி என்பார்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்தால் பேட்டி கொடுத்தவரே தன் பேச்சை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்.

கூடவே ஒரு சின்னத் திருத்தம். 1980களில் ஸ்ட்ரைப்பர் கூட்டத்துக்குள் "பைபிளை எறிந்தார்கள்" என்று பலரும் எழுதுகிறார்கள். அவர்கள் எறிந்தவை புதிய ஏற்பாட்டுப் பிரதிகள். முழு வேதாகமம் வந்து தலையில் விழுந்திருந்தால் கதை வேறு.

கே: மேடைக்கு முன்னால் நின்று கேட்டேன். பாடகரின் குரலே எடுபடவில்லை என்று எழுதினேன். பின்னால் நின்ற நண்பர் "குரல் கணீரென்று இருந்தது" என்கிறார். யார் சொல்வது சரி?

ப: இருவரும் சரி. விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது நண்பர் கேட்டதை. பெரிய அரங்குகளில் குரலைச் சுமக்கும் ஸ்பீக்கர்கள் இரு பக்கமும் உயரத்தில் தொங்கும். அவற்றின் ஒலி முதல் சில வரிசைகளின் தலைக்கு மேலே பறந்துவிடும். முன்வரிசைக்காரருக்கு வருவது டிரம்ஸின் நேரடிச் சத்தம், கிடார் ஆம்ப்பின் சத்தம், தரையில் வைத்த சப்-வூஃபரின் அதிர்வு, அவ்வளவுதான்.

விமர்சனக் காதோடு கேட்க வேண்டிய இடம் மிக்ஸர் மேஜைக்குப் பக்கத்தில். இன்ஜினியர் கேட்பதும் நீங்கள் கேட்பதும் அப்போதுதான் ஒன்றாக இருக்கும். முதல் மூன்று பாட்டை அங்கே நின்று கேட்டுவிட்டு, பிறகு ஒரு பாட்டுக்கு இடது ஓரம், ஒரு பாட்டுக்குக் கடைசி வரிசை என்று நடந்து வாருங்கள். பேஸ் ஓரிடத்தில் குமுறி, பத்தடி தள்ளிக் காணாமல் போனால் அது அரங்கத்தின் குணம். வாசித்தவர் மேல் பழி போடாதீர்கள். முதல் பாட்டில் குரல் அமுங்கியிருந்து மூன்றாவதில் எழுந்தால் இன்ஜினியர் அரங்கத்தைப் பிடித்துவிட்டார் என்று பொருள். கடைசிவரை எழவில்லை என்றால் மட்டும் எழுதுங்கள்.

காதடைப்பான் இல்லாமல் போகவே போகாதீர்கள். தொழிலாளர் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நையோஷ் வகுத்த அளவுப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். ராக் நிகழ்ச்சியில் 100 என்பது சர்வசாதாரணம். பஞ்சு போன்ற நுரை அடைப்பான் மேல்ஸ்தாயி ஒலிகளை அதிகமாக வெட்டிவிடுவதால் சிம்பல் மங்கும், பாட்டில் 'ஸ', 'ட' எல்லாம் குழம்பும். இசைக்காரர்களுக்கென்று வரும் வடிகட்டி வைத்த அடைப்பான் எல்லா ஒலிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 முதல் 20 டெசிபல் வரை, தாழ்த்தும். எழுதுகிறவருக்கு அதுதான் சரி.

கே: கீபோர்டில் யாரும் கை வைக்கவில்லை, ஆனால் வயலின் கேட்கிறது. பின்னணியில் பாடுகிறவர் மூன்று பேர், கேட்பது இருபது குரல். இது ஏமாற்று வேலை இல்லையா?

ப: டிராக் ஓடுகிறது. இன்றைய வொர்ஷிப் குழுக்களில் இது சாதாரணம். மேடையில் ஒரு லேப்டாப் இருக்கும். அதன் ஒரு சேனலில் மெட்ரோனோம் போல 'டிக் டிக்' என்ற கிளிக்கும் "கோரஸ், இரண்டு, மூன்று, நான்கு" என்று வழிசொல்லும் குரலும் போகும்; அவை வாசிப்பவர்களின் காதுக்கு மட்டும். மற்ற சேனலில் வயலின், சின்த், கூட்டுக்குரல் எல்லாம் அரங்கத்துக்குப் போகும். டிரம்ஸ்காரர் பாட்டுக்குப் பாட்டு ஒரு சின்னப் பெட்டியின் பொத்தானை அழுத்துகிறாரா என்று கவனியுங்கள்.

தவறு நடக்கும்போது இது நன்றாகவே தெரியும். உணர்ச்சி வேகத்தில் பாடகர் கோரஸை இன்னொரு முறை எடுத்துவிடுவார். டிராக் அடுத்த பகுதிக்குப் போய்விடும். எட்டு எண்ணிக்கைக்கு இரண்டு பாட்டு ஒன்றன்மேல் ஒன்று ஓடும். பிறகு கீபோர்டுக்காரர் லேப்டாப்பை நிறுத்த, குழு மட்டும் மெலிந்துபோய்த் தொடரும். அனுபவமுள்ள குழுக்கள் அந்தப் பகுதியைச் சுழலவிட்டுக் காத்திருக்கும்படி முன்பே அமைத்துவைப்பார்கள். ஏமாற்று என்று எழுதத் தேவையில்லை. கேட்டதில் எது மேடையிலிருந்து வந்தது, எது பெட்டியிலிருந்து வந்தது என்று எழுதினால் போதும்.

பேட் என்ற ஒன்றையும் கவனித்துப் பழகுங்கள். பாட்டு முடிந்த பிறகும் அதே சுருதியில் ஒரு மெல்லிய ரீங்காரம் நிற்கும். அதன் மேல்தான் ஜெபம் நடக்கும். நம் தம்பூராவுக்குத் தூரத்துச் சொந்தம். அடுத்த பாட்டு வேறு சுருதி என்றால் ஜெபத்தின் நடுவே ரீங்காரம் நழுவி மாறும். அதை எவ்வளவு நைசாகச் செய்கிறார்கள் என்பதில் குழுவின் பக்குவம் தெரிந்துவிடும்.

கூட்டம் திடீரென்று பாடுவதை நிறுத்தினால் ஆர்வம் குறைந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். சாதாரணத் தொண்டைக்கு வசதியான எல்லை ஒரு ஆக்டேவும் கொஞ்சமும்தான். ஆல்பத்தில் பாடியவர் உச்சக் குரல்காரர். இரண்டாம் பாதியில் ஒரு ஆக்டேவ் மேலே தாவுவார். அதே சுருதியில் மேடையிலும் எடுத்தால் அந்தத் தாவலில் அரங்கம் வாயை மூடிக்கொள்ளும்.

கே: "முதல் மூன்று பாட்டு, ஃபிளாஷ் கூடாது" என்று படம் எடுக்க அனுமதி தருகிறார்கள். கிறிஸ்தவ நிகழ்ச்சிகளில் என் படங்கள் ஒன்றும் நன்றாக வருவதில்லை.

ப: விதியே இங்கே கொஞ்சம் இடக்கு செய்கிறது. முதல் மூன்றும் துள்ளல் பாட்டாக இருக்கும். கை தட்டலும் குதியும்தான் கிடைக்கும். நிகழ்ச்சியின் முகம் கடைசி இருபது நிமிட ஆராதனையில் தெரியும். அப்போது நீங்கள் தடுப்புக் கம்பிக்கு வெளியே நிற்பீர்கள். முந்தின நாளே குழுவின் மேலாளரிடம் பேசி, கடைசிப் பாட்டுக்குப் பக்கவாட்டிலிருந்தோ மிக்ஸர் மேஜையிலிருந்தோ எடுக்க அனுமதி கேளுங்கள். 70-200 லென்ஸ் இருந்தால் மிக்ஸர் மேஜையே போதும்.

எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 6400 வரை, நின்று பாடுபவருக்கு 1/250, குதிப்பவருக்கு 1/500. நீலமோ சிவப்போ முழுக்க அடிக்கும் எல்இடி விளக்கில் முகம் பிளாஸ்டிக் போல வழிந்துவிடும். அந்த ஒரு நிறம் மட்டும் நிரம்பி வழிவதுதான் காரணம். கேமரா திரையில் ஒளி சரியாக இருப்பதாகவே காட்டும். ஒரு ஸ்டாப் குறைத்து, ரா கோப்பாக எடுங்கள். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டுவிட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

கண்ணீர் வழிய ஜெபிக்கும் முகத்தை அருகில் போய் எடுக்காதீர்கள். தூக்கிய கைகளைப் பின்னாலிருந்து எடுத்தால் அதே உணர்வு வரும், யாருடைய முகமும் மாட்டாது. போதகர் அழைக்க முன்னால் வந்து மண்டியிடுகிறவர்களில் சிறுவர்கள் இருப்பார்கள். பெற்றோரைக் கேட்காமல் அவர்கள் படத்தைப் போடவே கூடாது.

கே: எந்தக் கேள்வி கேட்டாலும் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். எல்லாப் பேட்டியும் ஒன்றுபோல இருக்கிறது.

ப: கேள்வி ஒன்றுபோல இருந்தால் பதிலும் அப்படித்தான் வரும். "இசைக்குள் எப்படி வந்தீர்கள்?" என்பது சாட்சிக்குத் திறந்துவிட்ட கதவு. அவர் அதை நூறு மேடையில் சொல்லிச் சொல்லி மெருகேற்றியவர். அதைத் தடுக்கவும் வேண்டாம். முன்பே வெளியானதைப் படித்துவிட்டுப் போனால் மறுபடி கேட்க வேண்டிய அவசியமே இராது.

பெரும்பாலும் 20 நிமிடம் கொடுப்பார்கள். சவுண்ட் செக் முடிந்து சாப்பாட்டுக்கு முன்பு என்று நேரம் கேளுங்கள். சவுண்ட் செக் நடக்கும்போது உட்கார்ந்தால் பதிவில் ஸ்னேர் டிரம் மட்டுமே மிஞ்சும். முதல் கேள்வி கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கட்டும்: இந்தப் பாட்டின் பிரிட்ஜில் ஏன் மைனருக்குப் போனீர்கள்? மூன்றாவது வரியை யார் எழுதினார்? பழைய ஆல்பத்தில் இருந்த ஆர்கன் இதில் எங்கே போயிற்று? அதற்கு மனப்பாடப் பதில் கிடையாது, யோசிப்பார். யோசிக்கும்போது விசுவாசத்தைப் பற்றிய பேச்சும் தானாக வரும், அதுவும் புதிதாக. பணம், லேபிள் (ஆல்பத்தை வெளியிடும் நிறுவனம்), குழுவை விட்டுப் போனவர் போன்ற கடினமான கேள்விகளைப் பதினைந்தாவது நிமிடத்துக்கு வையுங்கள். முதலில் கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும், கடைசி நிமிடத்தில் கேட்டால் மேலாளர் கடிகாரத்தைக் காட்டுவார்.

பதிவுக்கு இரண்டு கருவிகள். கைபேசி ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். நடுவில் அழைப்பு வந்தால் சில கைபேசிகளில் பதிவு நின்றுவிடும். வாயிலிருந்து 20-30 சென்டிமீட்டர் தூரம், மேஜையில் வைத்தால் கீழே ஒரு மடித்த துண்டு. 30 விநாடி பதிந்து, கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பேட்டி முடிந்ததும் "ஜெபித்துவிட்டுப் போகலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. சேர்வதும் சேராததும் உங்கள் விருப்பம். பதிவுக் கருவியை அணைத்துவிடுங்கள். அந்த ஜெபத்தில் சொன்னதை அவர் அனுமதியில்லாமல் மேற்கோளாகப் போடக் கூடாது.

கே: எங்கள் ஆசிரியர் ஒவ்வொரு விழாச் செய்தியிலும் "எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேட்கிறார். அமைப்பாளர் சொல்லும் எண்ணை அப்படியே போடலாமா?

ப: போடலாம், "அமைப்பாளர் கூறுகிறார்" என்று சேர்த்து. 1972 ஜூனில் அமெரிக்காவின் டல்லாஸில் நடந்த எக்ஸ்ப்ளோ '72 என்ற கிறிஸ்தவ இளைஞர் விழாவின் கடைசி நாள் இசை நிகழ்ச்சியில் லாரி நார்மனும் ஜானி கேஷும் பாடினார்கள். அன்று திரண்ட கூட்டத்தை ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் வரை மதிப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கு இரண்டு வித்தியாசம்!

நீங்களே கணக்கிடுங்கள். மைதானம் 40 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். மேடைக்கு முன் 15 மீட்டர் வரை நெருக்கம், சதுர மீட்டருக்கு 3 பேர்: 600 சதுர மீட்டரில் 1,800. அடுத்த 20 மீட்டர் கொஞ்சம் தளர்வு, ஒன்றரைப் பேர்: 800 சதுர மீட்டரில் 1,200. மீதி 25 மீட்டரில் பாய் விரித்து உட்கார்ந்தவர்கள், இரண்டு சதுர மீட்டருக்கு ஒருவர்: 1,000 சதுர மீட்டரில் 500. ஆக 3,500. அச்சில் "3,000 முதல் 4,000 வரை" என்று போடுங்கள். 3,500 என்று போட்டால் எண்ணிப் பார்த்தது போல ஆகிவிடும். பல நாள் விழாக்களில் ஒரே ஆளைத் தினமும் எண்ணிக் கூட்டும் பழக்கம் உண்டு. மூன்று நாளும் வந்த 5,000 பேர் 15,000 ஆகிவிடுவார்கள்.

கே: "கிறிஸ்தவப் பாடகர் பில்போர்டில் முதலிடம்" என்று எழுதலாமா?

ப: எந்தப் பட்டியல் என்று சொல்லாமல் எழுதக் கூடாது. அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டில் கிறிஸ்தவ இசைக்கென்று தனிப் பட்டியல்கள் இருக்கின்றன. அதில் முதலிடம் வேறு, பொதுப் பட்டியலில் முதலிடம் வேறு. எமி கிராண்ட் 1991-ல் ஹாட் 100 என்ற பொதுப் பட்டியலிலேயே முதலிடம் பிடித்தார்; அது காதல் பாட்டு. டிசி டாக் குழுவின் 1995 ஆல்பம் பில்போர்டு 200 என்ற பொது ஆல்பப் பட்டியலில் நேராக 16-வது இடத்தில் நுழைந்தது. அதே ஆண்டில்தான் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளின் விற்பனையும் பட்டியலுக்காக விற்பனையை எண்ணும் சவுண்ட்ஸ்கேன் கணக்கில் சேரத் தொடங்கியிருந்தது. அதற்கு முன்பு அந்தக் கடைகளில் எவ்வளவு விற்றாலும் பொதுப் பட்டியலுக்கு அது தெரியாது. எனவே 1985 எண்ணையும் 1996 எண்ணையும் பக்கத்தில் வைத்து "கிறிஸ்தவ இசை திடீரென்று வளர்ந்தது" என்று எழுதினால் பாதி வளர்ச்சி கணக்குப் புத்தகத்தினுடையதாக இருக்கும்.

கே: குழுவில் ஒருவர் விசுவாசத்தை விட்டுவிட்டார் என்று பேச்சு. எழுதலாமா?

ப: அவரே சொன்னால் எழுதுங்கள். வேறு யார் சொன்னாலும், அவரிடம் கேட்டு, அவர் பேசச் சம்மதித்த பிறகுதான். இந்தத் துறையில் அந்த ஒரு வரி ஒருவருடைய பிழைப்பையும், சில வேளைகளில் குடும்பத்தையும் உலுக்கிவிடும். "கிறிஸ்தவக் குழு" என்ற பட்டத்தை லேபிள் கொடுத்ததா, குழுவே ஏற்றுக்கொண்டதா என்றும் பாருங்கள். "நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனால் கிறிஸ்தவக் குழு இல்லை" என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிவருபவர்கள் நிறையப் பேர். அவர்கள் எதையும் விட்டு விலகவில்லை.

கே: பாட்டு வரிகளை எவ்வளவு போடலாம்? எங்கள் சபைக்கு சிசிஎல்ஐ என்ற பாட்டுக் காப்புரிமை அமைப்பின் உரிமம் இருக்கிறது.

ப: அந்த உரிமம் சபையார் பாடுவதற்காக வரிகளைத் திரையில் காட்டவும் தாளில் எடுத்துக் கொடுக்கவும்தான். பத்திரிகையில் அச்சிட அது செல்லாது. விமர்சனத்துக்கு அவசியமான ஒன்றிரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டு, மீதியை உங்கள் நடையில் சொல்லுங்கள்.

கே: 1980-90களில் கிறிஸ்தவக் குழுக்களோடு எடுத்த பேட்டிகள் நாற்பது கேசட்டில் கிடக்கின்றன. நினைவுகளாக எழுத ஆசை. ஒன்றைப் போட்டுப் பார்த்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

ப: பெரும்பாலும் கெட்டிருக்காது. ஆனால் இனி ஒன்றையும் அவசரப்பட்டு ஓடவிடாதீர்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நாடாவைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடி இருந்தால் பூஞ்சை. அதைத் தனிப் பையில் போடுங்கள், நல்ல டெக்கில் போட்டால் மற்ற கேசட்டுகளுக்கும் ஒட்டும். பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே பதிவாகாது. நாடாவை அதைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தால் ஒலி வந்து வந்து போகும். ஐந்து திருகாணி வைத்த கேசட் என்றால் நாடாவை வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றிவிடலாம். பிறகு ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்கள். சி-120 (இரு பக்கமும் சேர்த்து 120 நிமிடம்) என்று போட்டிருந்தால் வேகமாகச் சுற்றாதீர்கள். சி-60 நாடா ஏறக்குறைய 16 மைக்ரான் தடிமன், சி-120 வெறும் 9 மைக்ரான். உருளையில் சுற்றிக்கொண்டு கசங்கிவிடும்.

டெக்கின் ஹெட்டையும் நாடாவை நகர்த்தும் கேப்ஸ்டன் தண்டையும் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறை மறுபடியும் துடைக்க வேண்டும்.

இனி அந்தப் போர்வைச் சத்தம். நிருபர்கள் வைத்திருந்த கையடக்க ரெக்கார்டர்களில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருப்பது சகஜம். சாய்ந்து பதிந்ததை நேராக நிற்கும் ஹெட் படித்தால் மேல் ஒலிகள் செத்துவிடும். ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த அசிமுத் திருகாணி இருக்கும். முதலில் அதன் இருப்பை மையால் குறித்துக்கொள்ளுங்கள். ஒலியை மோனோவில் கேட்டபடி கால் சுற்று அந்தப் பக்கம், கால் சுற்று இந்தப் பக்கம் மெல்லத் திருப்புங்கள். 'ஸ' ஓசை பளிச்சென்று கேட்கும் இடம் ஒன்று வரும், அங்கே விடுங்கள். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் அணைந்தே இருக்கட்டும். கையடக்கக் கருவிகளில் பதிந்த பேட்டிகளுக்கு அது அநேகமாக வேண்டியிராது.

கணினியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். நாற்பது சி-90 என்றால் 60 மணி நேரம், 62 ஜிபி. இரண்டு பிரதி வையுங்கள்.

பேட்டியின் கடைசியில் குரல் கீச்சுக் கீச்சென்று ஏறினால் பயப்படாதீர்கள். பதிந்த அன்று பேட்டரி இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. மெதுவாகப் பதிந்தது இப்போது சரியான வேகத்தில் ஓடுவதால் வேகமாகக் கேட்கிறது. மென்பொருளில் படிப்படியாகக் குறைக்கலாம். சுவரில் செருகிப் பதிந்திருந்தால் அடியில் மின்சார ரீங்காரம் இருக்கும். அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 50. அந்த எண்ணுக்குக் கொண்டுவந்து நிறுத்தினால் வேகம் சரியாகிவிடும்.

அடுத்தது நினைவுப் பிழை. கேசட்டில் இருப்பதைவிட நம் தலையில் இருப்பதுதான் அதிகம் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு நினைவையும் ஏதாவது ஒரு முளையில் கட்டிப் பாருங்கள். கார்னர்ஸ்டோன் என்ற கிறிஸ்தவ இசை விழா 1984-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்துக் கிரேஸ்லேக்கில் தொடங்கியது. 1991 முதல் 2012-ல் முடியும் வரை அதே மாநிலத்துப் புஷ்னெல்லில் நடந்தது. "1988-ல் புஷ்னெல் புழுதியில்" என்று எழுதியிருந்தால் ஆண்டோ ஊரோ தவறு. பெட்ரா குழுவைக் கேட்டது எந்த ஆண்டு என்று மறந்துவிட்டால் முன்னால் நின்று பாடியது கிரெக் வோல்ஸா ஜான் ஷ்லிட்டா என்று யோசியுங்கள். ஷ்லிட் என்றால் 1986-க்கு முன்பு இருக்க முடியாது. பாடகர் கீத் கிரீன் விமான விபத்தில் இறந்தது 1982 ஜூலை 28. பாடகர் ரிச் மல்லின்ஸ் சாலை விபத்தில் இறந்தது 1997 செப்டம்பர் 19. பேட்டியில் அவர்களை "இருக்கிறார்" என்று பேசுகிறார்களா, "இருந்தார்" என்றா என்று கேட்டாலே ஒரு பக்க எல்லை கிடைத்துவிடும்.

நாடாவில் இருக்கிற பேச்சை மட்டும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்; நினைவில் இருப்பதைக் குறியில்லாமல் எழுதுங்கள். கேசட்டின் மேல் ஒட்டிய பெயரையும் உடனே நம்பிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் வெற்றுக் கேசட் தீர்ந்தால் பழையதன் மேலேயே பதிந்துவிடுவார்கள். இரண்டாம் பக்கத்தையும் கடைசிவரை ஓடவிடுங்கள். புதிய பேட்டி நாற்பதாவது நிமிடத்தில் முடிந்ததும் அடியிலிருந்த பழைய பேட்டியின் வால் வெளியே வரும்.